பிள்ளையார் படம் ஒட்டிய நிவாரண அட்டை

கண்டாவளையில் ஒருவர் பிறந்ததையும் இறந்ததையும் காணாமற்போனதையும் அரசாங்கம் நம்புவதற்கு முதல் தயாளினி நம்ப வேண்டும். பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியில், தகரக் கூரை போட்ட சின்னக் கடை அவளுடையது. ஒரு போட்டோக் கொப்பி மெசின், ஒரு மேசை, மூன்று பிளாஸ்ரிக் கதிரைகள். படிவம் நிரப்ப வருகிற சனம் கந்தோருக்குள் போவதற்கு முதல் அவளிடம்தான் போகும். உள்ளே இருக்கிற உத்தியோகத்தர்களே, முதலில் தயாளினியிடம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பி விடுவார்கள்.

சான்றிதழை மடித்துக்கொண்டு போனால் ஏச்சு விழும். வெற்றிலைக் கையோடு தொட்டால் இன்னும் கூட விழும். ஆனால் காணாமற்போனவர்களுக்காக எழுத வருகிறவர்களிடம் அவள் வேறு ஆள். கடைசியாக எங்கே கண்டீர்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தார், உடம்பில் மச்சம் தழும்பு ஏதும் உண்டா என்று ஒரே குரலில் கேட்பாள். அழுகிறவர்களை அழவேண்டாம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு இருப்பாள். அவர்கள் அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் பேனையைத் திறப்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் எழுதியவள் தன்னுடைய தகப்பனுக்கு மட்டும் எழுதவில்லை. அவரைப் பற்றிக் கதைக்க நேர்ந்தால் "அந்த மனுசன்" என்பாள். அப்பா என்ற சொல் அவள் வாயில் வந்து பதினாறு வருடமாகிறது.

நான் முப்பத்தொரு வருடம் இந்தப் பகுதியில் விதானையாராக, கடதாசிப்படி சொன்னால் கிராம அலுவலராக, இருந்தவன். பெயர் அப்புத்துரை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என்னுடைய மனைவி கூட முன்வந்ததில்லை. ஊருக்கே நான் விதானையார்தான். இந்தப் பதவியில் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையைத் தயாளினி பதினாறு வருடமாக உதவி என்று நினைத்து எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தகப்பனின் பெயர் வீரகத்தி. குளத்துப் பாய்ச்சலை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளை. மூன்று ஏக்கர் வயல். நெடுத்த, கொஞ்சம் கூனிய மனிதர். வயலால் வந்தால் ஒரு சுருட்டு வேண்டும். கோயில் திருவிழாவில் வாணம் விடும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மடப்பள்ளிக்குள் போய் நிற்பார். எதிரே நாய் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, நாய் போகும்வரை நின்று, பிறகுதான் ஏறுவார். அப்படிப்பட்டவர் 2008 கார்த்திகையில், தன்னுடைய ஐம்பதாவது வயதில், பெண்சாதியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எல்லைப்படைக்குப் போனார். எல்லைப்படை என்பது, அப்போது எங்கள் பகுதியை வைத்திருந்த இயக்கம் ஊர்ச்சனத்தைச் சேர்த்து முன்னரங்குக்கு அனுப்பியது. சண்டை கிட்ட வந்துவிட்ட நேரம் அது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. போனவர் திரும்பி வரவில்லை.

"தானாத்தான் போனவர். எங்களை நினைக்கேல்லை." இது மனைவி அருந்ததியின் பதில். யார் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், ஒரு சொல் கூடாமல் குறையாமல் இதையே சொல்வாள். மகளுக்கும் இதைத்தான் சொன்னாள். வாணத்துக்குப் பயந்த மனிதர் தானாக எப்படிப் போனார் என்று ஊரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் யாருக்கும் அடுத்த வீட்டைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை.

தயாளினிக்கு அப்போது பதினேழு வயது. அதற்குப் பிறகு வந்த ஆறு மாதத்தில் தாயையும் மூட்டைகளையும் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வோர் இடத்திலும் தூக்க ஆளில்லாமல் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டு நடந்தாளாம். ஒவ்வொரு மூட்டையைப் போடும்போதும் அந்த மனிதரைத் திட்டினாளாம். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும் திட்டினாள். திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் பெண்கள் இருவருமாகத் தடி நட்டுத் தறப்பாள் கட்டியபோதும் திட்டினாள். உழவு மெசின் ஓட்டும் பிரதாபனை அவள் கல்யாணம் செய்தபோது தாரை வார்த்துக் கொடுத்தது தாய்மாமன். அன்று மணவறையில் வைத்துக்கூட மனதுக்குள் திட்டினேன் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள். அன்று காத்தோட்டிக்காய்க் கறி இல்லாமல் சமையல் இல்லை. அந்தக் கசப்புக் காய்க்காகக் காலையிலேயே சந்தையில் சனம் நெரிபடும். தயாளினி அன்று மீன் வாங்குவாள். வேண்டுமென்றே வாங்குவாள். சந்தைக்கு நடுவால், எல்லாரும் பார்க்க, மீன் வாலைப் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு போவாள். அருந்ததி அதற்கு ஒரு சொல் சொன்னதில்லை. அந்த மீனைத் தொட்டதும் இல்லை. அருந்ததி சாகும்வரைக்கும் பொட்டு வைத்திருந்தாள். அதனால் அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்று ஊர் நினைத்தது. அவர் எங்கேயோ உயிரோடு இருந்துகொண்டு வரவில்லை என்று மகள் நினைத்தாள். அவளுடைய கோபம் ஆறாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னிடம் மட்டும் அவளுக்குத் தனி மரியாதை. ஒவ்வொரு காலபோக நெல்லும் வெட்டி முடிந்து, புது அரிசி பொங்கிப் புதிர் எடுத்ததும் முதல் சோற்றில் ஒரு சட்டி எங்கள் வீட்டுக்கு வரும். "நீங்கள் அண்டைக்கு அந்த அட்டையிலை வயதைக் குறைச்சு எழுதாட்டி நான் இண்டைக்கு இல்லை ஐயா" என்பாள்.

அந்த அட்டை நிவாரண அட்டை. 2008 ஆவணியில் புதிய அட்டைகள் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்போது வீட்டுக்கு ஒருவர் போகவேண்டும் என்று இயக்கம் சொல்லியிருந்தது. பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். ஒரே வகுப்பில் படித்த பதினொரு பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். 1991 என்று எழுத வேண்டிய இடத்தில் 1994 என்று எழுதினேன். பதினொரு பேரும் பதினாலு வயதுக்காரர் ஆனார்கள். தயாளினியைத் தாய் தர்மபுரத்தில் தன்னுடைய தமக்கை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள். யாரும் தன்னைத் தேடி வரவில்லை, அட்டை காப்பாற்றிவிட்டது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அந்தச் சோறு எனக்குச் சேராது என்று தெரிந்துகொண்டே நான் ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டேன்.

இந்த வருடம் மாசியில் அருந்ததி செத்துப்போனாள். மூன்று ஏக்கருக்கும் பெர்மிட் வீரகத்தியின் பெயரில் இருந்தது. அதை மாற்றுவதென்றால் அவர் இறந்ததற்கோ காணாமற்போனதற்கோ ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் எழுதிய படிவத்தை அவள் முதல் முறையாகத் தனக்காக எடுத்தாள். சித்திரை வெயிலில் அதைக் கொண்டு என்னிடம் வந்தாள். எல்லாக் கட்டங்களையும் மையால் நிரப்பியிருந்தாள். எந்தச் சூழ்நிலையில் சென்றார் என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் "தானாகச் சென்றார்" என்று எழுதியிருந்தாள். திகதி வெறுமையாக இருந்தது.

தனக்கு அந்த மனிதரில் ஒன்றும் வேண்டாம், திகதி மட்டும் போதும் என்றாள். நான் மறந்துபோய்விட்டேன் என்று சொன்னேன். வயது போய்விட்டது பிள்ளை என்று சிரித்தும் காட்டினேன். என்னுடைய பிள்ளைகள் பிறந்த திகதியை நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வீரகத்தி போன திகதிக்கு எனக்கு யோசிக்க வேண்டியதில்லை.

அவள் விடுகிற ஆள் இல்லை. தாயின் றங்குப்பெட்டியைக் கவிழ்த்து, வீட்டிலிருந்த கடதாசியெல்லாவற்றையும் பாயில் பரப்பி, கந்தோரில் கோவை பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கினாள். தாயின் கிளினிக் கொப்பி, முகாமில் தந்த அட்டை, பசளைத் துண்டுகள், தன்னுடைய பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, அந்தப் பழைய நிவாரண அட்டை. முள்ளிவாய்க்காலில் உடுப்பு மூட்டையைக் கைவிட்ட அருந்ததி இந்தக் கடதாசிகளை மட்டும் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தவள்.

நிவாரண அட்டையில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாமான் எடுத்ததற்குக் கையெழுத்து இருக்கும். நவம்பர் பதினாலு வரைக்கும் வீரகத்தியின் கோணல் கையெழுத்து. நவம்பர் இருபத்தொன்றிலிருந்து அருந்ததியுடையது. போனது அந்த ஒரு கிழமைக்குள்தான் என்று கண்டுபிடித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். சரியா ஐயா என்று கேட்டாள். இருக்கும் என்று சொன்னேன். அதோடு நின்றுவிடுவாள் என்று நம்பினேன். எவ்வளவு கோழை நான்.

அந்த அட்டையின் பின்பக்கத்தில் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. சோற்றுப் பசையால் ஒட்டியது. அருந்ததி பிள்ளையார் பக்தை. கார்த்திகை மார்கழியில் வரும் பிள்ளையார் கதை விரதத்தை வருடம் தவறாமல் இருபத்தொரு நாளும் ஒருவேளைச் சோற்றோடு பிடிப்பாள். அதனால் படத்தைப் பற்றி மகள் யோசிக்கவில்லை. படிவத்தோடு சேர்ப்பதற்கு அட்டையைக் கொப்பி எடுக்கக் கண்ணாடியில் வைத்தபோதுதான் அது ஓர் அட்டைக்குரிய தடிப்பாக இல்லை என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. கடதாசியோடு பிழைக்கிறவளின் கை அல்லவா. ஈரத் துணி வைத்து ஊறவிட்டு, பிள்ளையாரை மெல்ல உரித்து எடுத்திருக்கிறாள்.

அன்று வேலை நாள். பகல் பதினொரு மணி. கடையைப் பூட்டிவிட்டு அவள் வந்தாள். வேலை நாளில் அவள் கடையைப் பூட்டி நான் கண்டதில்லை. வாசலில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என்னுடைய மடியில் அட்டையை வைத்தாள்.

பின்பக்கத்தில் குடும்ப விபரம். என்னுடைய கையால் எழுதிய 1994 என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 1991 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 20.11.2008. அதற்குக் கீழே, அதே சிவப்பு மையில், "இக்குடும்பத்தில் ஒருவர் பணியில் உள்ளார். 21.11.2008."

"இந்தச் சிவப்பு ஆரின்ரை எழுத்து ஐயா?" என்று கேட்டாள்.

அவளே சொன்னாள். "இருபதாம் திகதி என்ரை வயதைக் கண்டுபிடிச்சிருக்கினம். இருபத்தோராம் திகதி அவர் போயிருக்கிறார். அப்ப இந்த அட்டை என்னைக் காப்பாத்தேல்லை."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. சொன்னேன். பிள்ளைகளுக்குப் பதினாறு வயது வந்ததும் அடையாள அட்டை விண்ணப்பம் விதானையார் கையால்தான் போக வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்காக 2007இல் அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக வந்து விண்ணப்பித்தார்கள். என்னுடைய பதிவேட்டில் அவர்களின் உண்மையான பிறந்த திகதி இருந்தது. நிவாரண அட்டைகளில் வயதைக் குறைத்த அன்றே அந்தப் பதிவேட்டை எடுத்து, அவர்கள் பெயர்கள் இருந்த பக்கத்தில் தேத்தண்ணியை ஊற்றினேன். நான் மைப்பேனைக்காரன். எழுத்தெல்லாம் கரைந்து நீலமாகிப்போனது. எவ்வளவு கெட்டித்தனம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது பத்துப் பேர். தயாளினிக்கு அந்த நேரம் அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளமாகி, வேப்பிலைக்குள் படுத்திருந்தாள். முகத்தில் தழும்பு ஆறிப் படம் எடுத்து ஒரு மாதம் பிந்தித்தான் விண்ணப்பித்தாள். அவள் பெயர் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை நான் மறந்தேன்.

நவம்பர் இருபதாம் திகதி இயக்கத்திலிருந்து மூன்று பேர் என்னுடைய அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். கொடுக்காமல் விட்டிருக்க முடியுமா என்று பதினாறு வருடமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. தேத்தண்ணிப் பக்கத்தைக் கண்டதும் ஒருவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினான்.

அங்கிருந்து நேரே வீரகத்தி வீட்டுக்குப் போனார்கள். விடிய வந்து பார்க்கும்போது பிள்ளை நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விடிய வந்தபோது தகப்பன் உடுத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது மனிதரைக் கண்டு முதலில் சிரித்தார்களாம். மழை தொடங்கியிருந்தது. பளைப் பக்கம் பதுங்குகுழி வெட்ட ஆள் போதாமல் இருந்தது. வயல்காரன், மண் வெட்டத் தெரியும் என்று அருந்ததி அழுதுகொண்டு சொன்னாளாம். தன்னுடைய புருசனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவளே சிபாரிசு செய்ய வேண்டி வந்தது. அவர்கள் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு அவரைக் கூட்டிப்போனார்கள். அதற்குச் சற்று முதல் அவர் என்னிடம் வந்து போனதையும் சொன்னேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை தயாளினி கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டாள். பிறகு கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு நாட்காட்டித் தாள் இருந்தது. தினமும் கிழிக்கிற தாள். அட்டைக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் இருந்ததாம். 2008 டிசம்பர் 19, வெள்ளி, மார்கழி 4, தேய்பிறை அட்டமி. அதில் ஒரு பேனைக் கீறல்கூட இல்லை. சோதனைச் சாவடியில் யார் எடுத்துப் பார்த்தாலும் அது வெறும் கடதாசி.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும் ஐயா," என்றாள். "விரதத்துக்குள்ளை ஒருநாள், இந்த அட்டமியிலை மட்டும் அம்மா ஒருவேளைச் சோறும் சாப்பிடமாட்டா. அண்டைக்குக் கத்தரிக்காய் பொரிச்சு வெளியிலை கொண்டுபோய்க் காகத்துக்கு வைப்பா. ஒருக்கால் இலையிலை ஒரு சுருட்டும் கிடந்தது. எந்தப் பிள்ளையார் அம்மா சுருட்டுக் குடிக்கிறவர் எண்டு நான் பகிடி பண்ணினனான். அம்மாவும் சிரிச்சவா."

அதைச் சொல்லிவிட்டு அவள் அப்படியே நிலத்தில் குந்தினாள். ஊரின் கண்ணீரையெல்லாம் பேனையை மூடி வைத்துப் பார்த்திருந்தவள் என்னுடைய வாசலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். நான் கிழவன், பேப்பரை மடித்துக்கொண்டிருந்தேன். வீரகத்தி செத்த செய்தியை அருந்ததிக்கு யார் கொண்டுவந்தார்கள், எந்த இடத்தில் விழுந்தார், எங்கே புதைத்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் அருந்ததியோடு போய்விட்டது. தனக்காகத்தான் தகப்பன் செத்தார் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு வாழக்கூடாது என்பதற்காக, புருசனைப் பற்றிப் பொல்லாப்புச் சொல்லிக்கொண்டே அந்த மனுசி பதினாறு வருடம் இருந்திருக்கிறாள். பொட்டைக்கூட அழிக்கவில்லை. அழித்தால் அவர் செத்த திகதி கேட்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் தயாளினி என்னோடு கதைக்கவில்லை. வீதியில் கண்டால் மற்றப் பக்கத்தால் போனாள். ஓய்வூதிய அலுவல் ஒன்றுக்கு ஒருநாள் கொப்பி எடுக்க வேறு வழியில்லாமல் அவளுடைய கடைக்குப் போனேன். எடுத்துத் தந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பதற்றத்தில் நான் பிறப்புச் சான்றிதழை நாலாக மடித்து வைத்திருந்தேன். அதற்குக்கூட ஏசவில்லை. அவள் என்னை ஏசியிருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பிரதாபன் வந்தான். நாளைக்கு மத்தியானம் தயா உங்களை வரச் சொன்னவா என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

போனேன். குசினிக்குள் காத்தோட்டிக்காய் வேகும் மணம். காலையில் கோயில் கேணியில் தோய்ந்து, ஐயரைக் கொண்டு தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தாள். தலைமயிர் இன்னும் ஈரமாக இருந்தது. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். மேசையில் அந்தப் படிவம் இருந்தது. காணாமற்போனதற்கான படிவம் அல்ல, இறப்புக்கான புதிய படிவம். திகதி இருந்த இடத்தில் டிசம்பர் 19 என்று எழுதியிருந்தாள். சூழ்நிலை என்ற இடத்தில் பென்சில் இல்லை. மையால், அவளுடைய அழகான எழுத்தில், "மகளுக்குப் பதிலாகச் சென்றார்" என்று இருந்தது. கீழே சாட்சி என்ற இடத்தில் என்னுடைய பெயரை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ," என்றாள். "இப்ப உயிரோடை இருக்கிறவையிலை அவரைக் கடைசியாய்க் கண்டது நீங்கள். அதுக்குத்தான் கூப்பிட்டனான்."

கையெழுத்து வைத்தேன். முப்பத்தொரு வருடம் ஆயிரக்கணக்கில் வைத்த கையெழுத்து. அன்று அது என்னுடையது போலவே இருக்கவில்லை.

அண்டைக்கு அவர் என்ன சொன்னவர், ஒன்றும் மறைக்காமல் சொல்லுங்கோ என்று கேட்டாள். அதை மட்டும் நான் அன்று வாசலில் வைத்துச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் இன்னும் நோகும் என்று நினைத்தேன். இப்போது அவள் எனக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை.

இருபத்தோராம் திகதி விடிய, அவர்கள் வருவதற்கு முதல், மழைக்குள் சைக்கிளில் வீரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் உரப்பை போட்டிருந்தார். தான் போனபிறகு பிள்ளையையும் தாயையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சைக்கிளைத் திருப்பிவிட்டு, "அங்கை வெடிச் சத்தம் கனக்கக் கேக்குமோ ஐயா?" என்று கேட்டார். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு, ஏன் போனதென்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், தானாகப் போனதென்று சொல்லும்படி அருந்ததியிடம் சொல்லிவிட்டேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவள் உம்மைப் பிழையாய் நினைப்பாளே வீரகத்தி" என்று கேட்டேன்.

"நினைக்கட்டும் ஐயா. திட்டினாலும் திட்டட்டும். உயிரோடை இருந்து திட்டட்டும்."

அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஒழுங்கை முடக்கில் எங்கள் பக்கத்து வீட்டு நாய் நின்றது. அன்று அவர் இறங்கவில்லை.

நான் சொல்லி முடித்தபோது தயாளினி அழவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற இடத்திலிருந்து குசினிக்குள் போனாள். எனக்கு இலை போட்டுச் சோறும் காத்தோட்டிக்காய்க் கறியும் பரிமாறினாள். இன்னோர் இலையில் சோறும் கறிகளும் பொரித்த கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வேலியோரத்து முருங்கை மரத்தடியில் இலையை வைத்து, இடுப்பிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். காகத்தைக் கூப்பிட்டாள். ஒரு காகமும் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். அன்று எல்லா வீட்டிலும் படையல், காகங்களுக்கு எங்கே போவதென்று தெரியாத நாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பிரதாபன் எழும்பிப் போகப் பார்த்தான். நான் கையால் மறித்தேன்.

அவள் வானத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்து, ஏச்சும் கெஞ்சலும் கலந்த குரலில் கூப்பிட்டாள். "சோறு ஆறுது அப்பா. வாங்கோவன்."

காகம் வர நேரமாயிற்று. அவள் உள்ளே வரவில்லை. நானும் இலையில் கை வைக்காமல் இருந்தேன்.